ஜெனரேட்டர் மண்ணும் அம்மாவின் விரலும்

அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனி திருப்பூர் மண்ணரையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த நாள் முதல் அவளுக்கு அதே கம்பெனி, அதே ஓவர்லாக் தையல் மிஷின். அப்பா இறந்தபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தினமும் பஸ்ஸில் போய்வந்து படிக்கக் கோவையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவியாக நான் சேர்ந்த சமயத்தில் ஊரெங்கும் மின்வெட்டு தொடங்கியிருந்தது. இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. கரண்ட் போனதும் தெருவில் ஒவ்வொரு கம்பெனியாக ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். துவைத்துக் காயப்போட்ட துணியில்கூட டீசல் நாற்றம் ஏறியிருக்கும்.

என் ஆய்வும் டீசலைப் பற்றியதுதான். மண்ணில் சிந்திய டீசலைத் தின்று செரிக்கும் பாக்டீரியாக்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவை எங்கே கிடைக்கும் என்றால், டீசல் ஓயாமல் சிந்தும் இடத்தில்தான். வேறு தீனி இல்லாத இடத்தில் அதையே தின்னப் பழகியவை மட்டும் மிஞ்சியிருக்கும். அம்மாவின் கம்பெனிக்குப் பின்னால் ஜெனரேட்டர் கொட்டகை இருந்தது. பேரலிலிருந்து ஊற்றும்போது சிந்திச் சிந்தி அதைச் சுற்றியிருந்த மண் கறுத்துப் பிசுபிசுவென்று கிடந்தது. அம்மா மூலமாக முதலாளியிடம் அனுமதி கேட்டேன்.

அவர் ஊத்துக்குளிப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவர். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர்.

"என்ன கண்ணு, மண்ணு வேணும்னு உங்கம்மா சொன்னாங்க. அந்த டீசல் மண்ணுங்களா?"

"ஆமா சார். அதுல இருக்கற கிருமியைப் பிரிச்செடுக்கணும்."

"அந்த மண்ணுல எப்படீங்க உசுரு இருக்கும்?"

"டீசலைத் திங்கற கிருமி இருக்கும் சார்."

 அவர் கம்பெனிக் கிணற்றில் தண்ணீரின் மேல் சில மாதங்களாக எண்ணெய்ப் படலம் மிதப்பதைச் சொன்னார். "அப்படியொண்ணு நெசமாலுமே கெடச்சா நம்ம கெணத்துக்கும் வழி சொல்லுங்க" என்றார்.

ஆய்வகத்தில் உப்புக் கரைசல் நிரப்பிய குடுவைகளில் டீசலை மேலாக மிதக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டு வைத்தேன். குடுவைகள் குலுக்கும் இயந்திரத்தின் மேல் ஆடிக்கொண்டே இருந்தன. பெரும்பாலானவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. சிலவற்றில் கரைசல் லேசாகக் கலங்கியது. ஒரே ஒரு குடுவையில் டீசல் படலம் சின்னச் சின்ன மணிகளாக உடைந்து, பால்போலக் கலந்து, சில நாட்களில் கண்ணுக்கே தெரியாமல் போனது. கரைசல் பச்சை நிறத்துக்கு மாறியிருந்தது. பஞ்சு அடைப்பைத் திறந்தபோது கனிந்த திராட்சையின் வாசனை வந்தது. நான் குடுவையைத் தூக்கிக்கொண்டு என் ஆய்வு நெறியாளரின் அறைக்கு ஓடினேன்.

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வேலை செய்யுது. ஆனா இந்தப் பச்சையும் வாசனையும் எனக்குப் பிடிக்கல. நான் நினைக்கற இனமா இருந்தா இது புண்ணுல போய் உக்காரும். நல்ல உடம்புக்காரங்களை ஒண்ணும் பண்ணாது. தீக்காயம் பட்டவங்க, சுகர் இருக்கறவங்க, அவங்களுக்குத்தான் ஆபத்து. என்ன இனம்னு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இது லேபை விட்டு வெளிய போகக்கூடாது."

"சரிங்க மேடம்" என்றேன்.

அப்படிச் சொன்ன வாயோடு நான் என்ன செய்தேன் என்பதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கு இருந்தது. குடுவையில் கிடைத்த முடிவோடு போனால் பத்தோடு பதினொன்று. மண்ணில் கிடைத்த முடிவோடு போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ரிப்போர்ட் வரத் தாமதமானது. நான் ஒரு பிளாஸ்டிக் கேனில் அந்தப் பச்சைக் கரைசலை நிரப்பி, பையில் வைத்து, திருப்பூர் பஸ் ஏறினேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தைச் செங்கல் வைத்துக் கட்டி, மண்ணைக் கொத்தி, அதில் ஊற்றினேன். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே மிஷினில் இருந்தாள்.

அந்த இடத்திலிருந்து தரை லேசாகச் சரிந்து, பெண்கள் கை கழுவும் குழாயடிக்குப் போனது. அதை நான் பார்த்தேன். செங்கல் தடுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு மழை பெய்தது.

சரியாகப் பத்தாவது நாள், காலையில் அம்மா இடது கையால் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். வலது ஆள்காட்டி விரலில் பனியன் துணிக் கட்டு இருந்தது.

"என்னம்மா விரல்ல?"

"ஊசி ஏறிருச்சு. நாலு நாளாச்சு. கம்பெனியில மருந்து வச்சுக் கட்டுனாக. தன்னால சரியாப் போயிரும்னு பாத்தேன், வீங்கிட்டே இருக்கு."

ஓவர்லாக் மிஷினில் விரலில் ஊசி ஏறாத தையல்காரர் இல்லை. அதனால்தான் அவள் என்னிடம் சொல்லக்கூட இல்லை. நான் கட்டை அவிழ்த்தேன். நகம் தூக்கிக்கொண்டிருந்தது. துணியின் உள்மடிப்பில் சீழ் பச்சையாகப் படிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இனிப்பாக ஒரு வாசனை வந்தது. அது என் குடுவையின் வாசனை.

 அம்மா மூன்று வருடமாகச் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். மேடம் அன்று சொன்னபோது இது எப்படி எனக்கு உறைக்காமல் போனது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

"என்ன பிள்ள, மூஞ்சி ஒருமாதிரி போகுது?"

"ஒண்ணுமில்லம்மா. சேலையை மாத்து, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். சுகர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "முதல் நாளே வந்திருக்கணும்" என்றார். சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்டபோது என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அனுப்பலாம். மூணு நாளாகும்" என்று சொல்லி ஒரு பஞ்சுக் குச்சியில் எடுத்துக்கொண்டார். நகத்தை எடுத்தார்கள். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபிறகு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"சிவப்பு மணிக்கட்டைத் தாண்டினா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. எலும்புக்குப் போயிட்டா விரலை எடுக்கற மாதிரி ஆயிடும்."

ஒரு பேனாவை வாங்கி, சிவப்பு முடியும் இடத்தில் அம்மாவின் கையில் கோடு போட்டேன்.  திரும்பி வரும் ஆட்டோவில் சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்த விரல் மட்டும்னு இல்ல. பத்து நாளா ரெண்டு கையுமே மரமரங்குது."

"ரெண்டு கையுமா?"

"எனக்கு மட்டுமா? லைன்ல பாதிப் பேருக்கு அப்படித்தான். தூக்கத்துல முழிப்புத் தட்டிருது. கைய உதறி உதறிப் படுக்கோம். அதுல விரல் எங்கன இருக்குன்னே தெரியல. ஊசி இறங்குனப்புறந்தான் பாத்தேன்."

பத்து நாள். நான் கேனைக் கவிழ்த்துப் பத்து நாள்.

நான் படித்த படிப்புக்கு நின்று யோசித்திருக்க வேண்டும். இந்தக் கிருமி காயமில்லாத தோலுக்குள் புகாது, இப்படி ஒரு வரிசைப் பெண்களின் இரண்டு கைகளையும் மரக்கச் செய்யாது. ஆனால் பயம் பாடப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மறுநாள் மதியம் கம்பெனிக்குப் போய்க் குழாயடிக்குத் தள்ளி நின்றேன். சாப்பாட்டு நேரம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கை கழுவினார்கள். டிபன் பாக்ஸ் கழுவினார்கள். ஒருத்தி முகம் கழுவி, அந்தத் தண்ணீரால் வாய் கொப்பளித்தாள். கழுவி முடித்தவர்கள் கைகளை உதறினார்கள். தண்ணீர் போகத்தான் உதறுகிறார்களா, மரத்துப்போனதால் உதறுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. தொடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்படியே பஸ் ஏறி மேடத்திடம் போனேன்.

"மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.  நான் முடித்தபிறகு மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கம்மாவுக்கு சுகர் இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்து பையை எடுத்தார். "உன் குடுவை ரிப்போர்ட் இன்னிக்குக் காலைலதான் வந்துச்சு. நான் நினைச்ச இனம்தான். கிளம்பு" என்றார். கதவருகில் போனவர் நின்று, "கை மரத்துப்போறதுன்னு சொன்னியே, அது கிருமி செய்யற வேலை மாதிரி இல்ல. அதைப் பாக்க வேற ஆள் வேணும்" என்றார்.

அந்த ஆள் எங்கள் கல்லூரியிலேயே மனையியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். மடத்துக்குளத்துக்காரி. வேலை செய்யும் இடத்தில் மேஜை, நாற்காலி, உடம்பு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று அளந்து பார்ப்பது அவள் ஆய்வு. பனியன் கம்பெனிகளில் தையல்காரர்களின் கழுத்துவலி, முதுகுவலியைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு டேப்பும், மூட்டு மடியும் கோணத்தை அளக்கும் இரட்டைக் கோலும் எப்போதும் இருக்கும். மூன்று பேரும் திருப்பூர் வந்தோம். 

நானும் மேடமும் கையுறை போட்டுக்கொண்டு நான் கிருமி ஊற்றிய மண் முழுவதையும் வெட்டி எடுத்து, இரட்டைப் பைகளில் கட்டினோம். குழி, சரிவு, குழாயடி, சாக்கடை எல்லா இடத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினோம். கண் எரிந்தது. முதலாளி வந்து நின்றார். நானே சொன்னேன்.

"ஏனுங்க கண்ணு, தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா?"

"என்ன கிருமின்னு முழுசாத் தெரியாதுங்க சார். ஆனா ஊத்தக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருந்தாங்க."

அவர் கோபப்படவில்லை. பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கெணறு நல்லாயிரும்ங்கற ஆசையில நானும் ஒண்ணும் கேக்காம உட்டுப்போட்டேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு குழாயைத் தானே கட்டிப்போட்டுவிட்டு, முன்பக்கம் ஒரு தண்ணீர் டிரம் வைக்கச் சொன்னார்.

உள்ளே மடத்துக்குளத்துக்காரி பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தாள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொன்னாள். அரை நிமிடத்துக்குள் ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி. "கட்டெறும்பு ஏறுற மாதிரி இருக்குங்க" என்றார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். எல்லோருக்கும் அதே மூன்று. யாருக்கும் சுண்டுவிரல் மரக்கவில்லை.

அவள் மேஜையின் உயரத்தை அளந்தாள், ஸ்டூலின் உயரத்தை அளந்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"இந்த மிஷினுங்க எப்பவுமே இங்கதான் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க. முன்னாடி அந்தப் பக்க ஹால்ல இருந்துச்சு. ஜெனரேட்டர் ஒரு ஹால் லோடுதான் தாங்கும். அதனால ரெண்டு வாரத்துக்கு முன்னாடி லைனை இங்க மாத்துனோம். மேஜை பத்தலைன்னு செக்கிங் மேஜை மேல மிஷினை ஏத்திட்டோம்."

செக்கிங் மேஜை நின்றுகொண்டு துணி பார்ப்பதற்கான உயரம். அதன் மேல் மிஷின், கீழே பழைய ஸ்டூல். மேஜையின் விளிம்பில் தகரம் அடித்திருந்தது. பெண்கள் கையைத் தூக்கி, அந்த விளிம்பில் மணிக்கட்டை மடக்கி அழுத்திக்கொண்டு நாள் முழுக்கத் தைத்திருக்கிறார்கள். மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகும் நரம்பு அங்கே நசுங்குகிறது என்று அவள் என் கையைப் பிடித்துக் காட்டினாள்.

"பயப்படாதப்பா. கை மரக்கறது உன் கிருமியால இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அவள் முதுகைத் தட்டிவிட்டு, "விரல் விசயம் எனக்குத் தெரியாது. அது உங்க மேடம்தான் சொல்லணும்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

ஆக, பாதிப் பயம்தான் இறங்கியது. மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். டீசல் மண், குடுவை, கேன், மழை எல்லாம் சொன்னேன். என்னை அடிப்பாள் என்றோ அழுவாள் என்றோ எதிர்பார்த்தேன். அவள் தன் விரலைப் பார்த்தாள்.

"அது இப்ப எனக்குள்ள இருக்கா?"

"தெரியலம்மா. நாளைக்கு ரிப்போர்ட் வரும்."

"டீசலைத் தின்னுச்சுன்னு சொன்னியே. இங்கன எதைத் திங்குது?"

 அன்று முழுவதும் மணிக்கொரு தரம் அவள் கையிலிருந்த பேனாக் கோட்டைப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு ஏறியிருந்தது போலத் தெரிந்தது. அடுத்த முறை பார்த்தால் ஏறாதது போலவும் தெரிந்தது. அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். விரல் இழந்தவள் ஓவர்லாக் மிஷினில் உட்கார முடியாது. அதைவிடப் பெரிய பயங்களும் வந்தன. அவற்றை நான் எழுதப்போவதில்லை.

ரிப்போர்ட் வந்தது. என் குடுவையில் இருந்த அதே இனம்.

டாக்டர் முதலில் கொடுத்திருந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அந்தக் கிருமி அடங்கும் ஊசி மருந்தைப் போடச் சொன்னார். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் நான் சோறு தின்றேன் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். எனக்கு அது நினைவில்லை.

மேடம் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் பேசி அம்மாவின் கிருமியை வாங்கி வந்தார். அதையும் என்னுடையதையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் வளர்த்து, மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தோம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறதோ அந்த வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். எல்லா வட்டங்களும் ஒன்றுபோல இருந்தன, ஒன்றைத் தவிர. அம்மாவின் கிருமி அடங்கிய ஒரு மருந்துக்கு என்னுடையது அடங்கவில்லை.

"அப்போ வேற வேற கிருமியா மேடம்?"

"வேறயா இருக்கலாம். அதேதான் கொஞ்சம் மாறியும் இருக்கலாம். இது சாக்கடையிலயும் இருக்கும், குழாய் வாயிலயும் இருக்கும். நீ ஊத்தாமலே வந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல நம்மகிட்ட வசதி இல்ல."

இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்பவர்கள், வட்டம் வேறாக இருந்ததே, அப்புறம் என்ன என்று ஆறுதல் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன்.

அந்தக் கிருமி இருந்த குடுவைகள், தட்டுகள் அத்தனையையும் அழுத்தக் கொதிகலனில் வேகவைத்து அழித்தோம். கருத்தரங்குக்கு நான் போகவில்லை. மற்ற குடுவைகளில் மெதுவாக வேலை செய்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். உடம்புச் சூட்டில் வைத்தால் வளராது, வெளிச்சூட்டில்தான் வளரும் என்பதுதான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம். கம்பெனியில் முதலாளி ஆசாரியைக் கூப்பிட்டு மேஜைக் கால்களை அறுக்கச் சொன்னார். விளிம்புத் தகரத்தைப் பிடுங்கிவிட்டு வேஸ்ட் துணியை மெத்தையாகச் சுற்றி அடித்தார்கள். மடத்துக்குளத்துக்காரி ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்து முழங்கையின் உயரம் பார்த்தாள். சில வாரங்களில் பெரும்பாலோருக்கு மரத்துப்போவது நின்றது. அம்மாவுக்கு மட்டும் நாளானது. சுகர் உடம்புக்கு நரம்பு மெதுவாகத்தான் திரும்பும் என்றார்கள். நகம் கோணலாக முளைத்தது. இரண்டு மாதம் கழித்துப் பழைய மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் முதலாளி கேட்டுக்கொண்டதால், கொட்டகைக்குப் பின்னால் மறுபடி ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தோம். இந்த முறை திறந்த மண் இல்லை, அடி அடைத்த சிமென்ட் தொட்டிகள், மேலே மூடி. முதல் தொட்டியின் பக்கத்தில் கேனோடு நின்றேன். டீ நேரம். அம்மா வெளியே வந்து, என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள்.

"இது அது இல்லையே?"

"அது இல்லம்மா. இது உடம்புல வளராது."

"ரிப்போர்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"மேடம் எங்க?"

"நாளைக்கு வருவாங்க."

"அப்ப நாளைக்கு அவுக வந்தப்புறம் ஊத்து" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

நான் கேனின் மூடியை இறுக்கி, நிழலில் எடுத்து வைத்தேன்.